அப்பா ஊட்டிய பர்கர்

“எந்தக் கையால் பிய்த்துக் கொடுப்பார்?”

“வலது கையால்தான். எங்கள் ஊரில் இடது கையால் யாரும் சோறு ஊட்ட மாட்டார்கள்.”

“அந்தக் கையில் வேறு ஏதாவது?”

“செம்பு மோதிரம். பாம்பு சுற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். லேத் பட்டறையில் வேலை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.”

“நல்லது, ரொம்ப நல்லது. ஊட்டும்போது ஏதாவது சொல்வாரா?”

“‘இன்னொரு வாய்’ என்பார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவ்வளவு இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் உண்டு. அதை நித்திலா தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

தலையில் மீன்வலை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் சாய்வு நாற்காலியில் கிடந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் மொரிகாவா. நிகோமரு பர்கர் கடைகளின் விளம்பரங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஒசாகா நகரத்தின் நெரிசலான பகுதியில், ரயில்கள் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் லேசாக நடுங்கும் ஒரு கட்டடத்தில் அவர்கள் அலுவலகம். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நித்திலா.

அவள் மோதிரத்தைப் பற்றிச் சொன்னபோதே, அவள் மூளையின் அலைகளைக் காட்டும் திரையில் ஒரு கோடு செங்குத்தாக எழும்பி, இறங்காமல் நின்றது. மொரிகாவாவின் புருவம் உயர்ந்தது. கண்ணாடி வழியே அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, “அருமையான வலு” என்று மட்டும் சொன்னார்.

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. அங்கே யாரும் யாருடைய வீட்டைப் பற்றியும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது, ஏனென்றால் சொல்லாமல் இருப்பது அவள் வீட்டுப் பழக்கம். அடுத்த வீட்டுக்காரி ஜன்னலோரம் நின்று “என்ன சத்தம்?” என்று கேட்டால், “பாத்திரம் விழுந்தது அக்கா” என்று சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளை அவள்.

அப்பா ஊட்டியது உண்மை. அம்பத்தூரில் தண்டவாளத்தை ஒட்டிய வாடகை வீட்டில், அம்மாவை அடித்து ஓய்ந்த பிறகு தேவராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார். திரும்பி வரும்போது கையில் பரோட்டாப் பொட்டலம் இருக்கும். சால்னாவை ஊற்றி, பிள்ளைகள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, சற்று முன் அம்மாவின் முடியைப் பிடித்திருந்த அதே கையால் பிய்த்து ஊட்டுவார். “இன்னொரு வாய். சிரிச்சுக்கிட்டே சாப்பிடணும்.” சிரிக்காவிட்டால் எழுந்து மறுபடியும் அம்மா இருந்த சமையலறைப் பக்கம் போவார். அதனால் நித்திலா சிரித்தாள். தங்கை ஓவியா விக்கினால், மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளி அவளையும் சிரிக்க வைத்தாள். தங்கைக்கு ஆறு வயதானபோது, அம்மா ஒரு பகல் வேளையில் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினாள்.

அப்பாவைப் பற்றி அவளிடம் வேறு ஞாபகம் இல்லை. விளம்பரத்துக்கோ, ஊட்டும் அப்பா ஒருவர் வேண்டியிருந்தது. எனவே வெளித்தோலை மட்டும் உரித்துக் கொடுத்தாள். அந்தக் கை, அந்த மோதிரம், அந்த ‘இன்னொரு வாய்’. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இந்தத் தொழில் விளங்கவே இல்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் மொரிகாவாவைக் கேட்டே விட்டாள்.

“கிறிஸ்துமஸ் அன்றைக்கு இங்கே வறுத்த கோழிக்கு வரிசையில் நிற்கிறார்களே, பார்த்தாயா?” என்றார் அவர்.

“பார்த்தேன். இந்த ஊரில் இவ்வளவு பக்தியா என்று ஆச்சரியப்பட்டேன்.”

“பக்தியா!” மொரிகாவா சிரித்ததில் வாயிலிருந்த நூடுல்ஸ் சிதறப் பார்த்தது. “எவனோ ஒரு விளம்பரக்காரன் செய்த வேலை அது. பிள்ளைகள் சாப்பிட்டு வளர்ந்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. நம் முதலாளிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் நாம் வழக்கத்தை உண்டாக்குவதில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்த ஞாபகத்தை உண்டாக்குகிறோம்.”

“அது எப்படி முடியும்?”

“ஒவ்வொரு முறை ஞாபகப்படுத்தும்போதும் மூளை அந்த ஞாபகத்தைப் பிரித்து, மறுபடி மாட்டுகிறது. சைக்கிளைப் பிரித்து மாட்டுகிற மாதிரி. மாட்டுகிற நேரத்தில் நாம் ஒரு திருகாணியை உள்ளே தள்ளிவிடுகிறோம். விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிற வெளிச்சமும், காதுக்குக் கேட்காத சத்தமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பல முறை பார்த்தால் போதும்.”

“எந்தக் கதையையும் தள்ளலாமா?”

“ஜோடித்த கதை ஒட்டாது. உடம்பு கண்டுபிடித்துவிடும். யாரோ ஒருவருக்கு நிஜமாக நடந்திருக்க வேண்டும். அதன் உணர்ச்சியை எடுத்துக்கொள்வோம், முகத்தைக் காலியாக விட்டுவிடுவோம். பார்க்கிறவன் மூளை தன் அம்மா முகத்தையோ அப்பா முகத்தையோ அங்கே தானாகப் போட்டுக்கொள்ளும்.”

அவர் சொன்னதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். நிகோமரு தொடங்கிப் பத்து வருடம்தான் ஆகிறது. ஆனால் முதல் பனி விழுகிற அன்று, தலை நரைத்த ஆட்கள் கடை வாசலில் நின்று, சின்ன வயதில் அம்மா இங்கேதான் கூட்டி வருவாள் என்று கண் கலங்கினார்கள். முதலில் அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது. பிறகு பழகிப்போனது. கலங்கியவர்கள் யாரும் கஷ்டப்படுகிறவர்களாகத் தெரியவில்லை. அந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் மட்டும் காதுக்குப் பின்னால் பொட்டு அளவு ஒரு தடுப்பானை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், தங்கள் சரக்கு தங்களைத் தீண்டாமல் இருக்க.

தமிழ்நாட்டில் கடை திறப்பது என்று முடிவானபோது, விளம்பரத்தில் அம்மா வேண்டாம் என்று சொன்னதே நித்திலாதான். “அம்மா என்றால் வீட்டுச் சாப்பாடு. எங்கள் ஊரில் வெளிச் சாப்பாடு என்றால் அப்பா. பொட்டலம் வாங்கி வருகிறவர் அவர்தான்.” கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விளம்பரம் வெளியானது. சென்னைக் கடைகளில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளர், செத்துப்போன தன் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொல்லி, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாராம். அந்தக் காணொளியை அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டுக் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் ஓவியா கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு விஷயம் சொல்வேன். கத்தக் கூடாது.”

“சொல்லுடி.”

“அப்பா வந்திருக்கார்.”

“எந்த அப்பா?”

“என்னக்கா கேள்வி இது? நமக்கு என்ன டஜன் கணக்குலயா இருக்காங்க?” ஓவியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நித்திலா இதுவரை கேட்டறியாதது. எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காத சிரிப்பு. “நான்தான் தேடிப் போனேன். திருநின்றவூர்ல ஒத்த ரூம்ல கெடந்தார், பாவம். தொவைச்சுப் போடக்கூட ஆள் இல்ல. இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன். அவரும்தான் எங்க போவார்?”

நித்திலா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஓவியாவின் கணவன் கப்பல் வேலையில் பாதி வருஷம் கடலில் இருப்பவன். வீட்டில் அவளும், நாலு வயது மகள் துளிரும்தான்.

“நீ வேலைக்குப் போறப்போ துளிரை யாருடி பாத்துக்கறா?”

“அப்பாதான். கிரெஷ் நிறுத்திட்டேன். அங்க விட்டா என்ன அழுகை அழுவா! இப்ப அழறதே இல்லக்கா. சத்தமே வராது. தாத்தாகிட்ட அவ்ளோ அடக்கம்.”

“ஓவி, நான் சொல்றதைக் கேளு. இன்னிக்கே அவரை அனுப்பிடு.”

“பாத்தியா, கத்தாதன்னு சொன்னேன்ல?”

“அவர் அம்மாவை என்ன பண்ணினாருன்னு உனக்கு ஞாபகம் இல்லையா?”

“அம்மா சொன்னதுதான் எனக்கும் ஞாபகமா இருந்துச்சு. செத்துப் போனவங்களைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது, ஆனா அவங்க நம்மகிட்ட நிறைய ஏத்தி விட்டுட்டாங்க.”

“உன் முழங்கையில தழும்பு இருக்கே, அது?”

“அப்பா வண்டியில இருந்து விழுந்தது. நிகோமரு போற வழியில.”

“நிகோமரு மெட்ராஸுக்கு வந்தே ஒரு வருஷம் ஆகலடி! அந்த விளம்பரத்தை எழுதினதே நான்!”

“தெரியுமே. எங்க அக்கா எழுதினதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் விடாம போட்டுக் காமிச்சேன். பஸ்ல போறப்போ பாப்பேன், வர்றப்போ பாப்பேன். நீ பேச மாட்டேங்கறல்ல, சரி அதையாவது பாப்போம்னு.” ஓவியாவின் குரல் கனிந்தது. “அப்பாவை அப்படியே வச்சிருந்தியே, அக்கா. அந்தப் பாம்பு மோதிரம். நகத்துல கிரீஸ். ‘இன்னொரு வாய்’னு சொல்றது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு எல்லாம் திரும்பி வந்துச்சு. கடையோட பேரு வேற ஏதாவது இருந்திருக்கும், அதுவா முக்கியம்? அந்தக் கை பொய்யா? நீயே சொல்லு. பொய்யா?”

பொய் என்று நித்திலாவால் சொல்ல முடியவில்லை. சொந்த அக்கா தன்னோடு பேசுவதே இல்லை என்று, இந்தப் பெண் அந்த விளம்பரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரையும்விட அதிகமாகப் பார்த்திருக்கிறாள்.

“இரு, அப்பா கேக்கறார். குடுக்கறேன்” என்றாள் ஓவியா. வேண்டாம் என்று நித்திலா சொல்வதற்குள் போன் கை மாறியது.

“நித்தி கண்ணு.” குரல் கரகரத்துப் போயிருந்தது. “நல்லா இருக்கியாம்மா? அந்த விளம்பரத்தை உன் தங்கச்சி காமிச்சா. இப்ப தெனமும் என் போன்லயே போட்டுப் பாக்கறேன். அழுதுட்டேன்மா. உங்க ரெண்டு பேரையும் நான் ஒரு நாள் அதட்டினது உண்டா? கையால ஊட்டி வளர்த்தேன். உங்கம்மாவுக்குத்தான் என்ன கோபமோ, என்கிட்டேர்ந்து பிரிச்சுட்டா.”

அவர் குரலில் பொய்யின் நெளிவு ஒன்றுகூட இல்லை என்பதுதான் அவளை உறைய வைத்தது. விளம்பரம் அவருக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் செய்தது எதுவும் இப்போது அவரிடமே இல்லை.

“ஏய்.” அவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னார். “வாயை மூடாத. இன்னொரு வாய். சிரிச்சுக்கிட்டே சாப்பிடணும், என்ன?”

குழந்தையின் குரல் வரவில்லை. எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் உருண்டது. அதைத் தொடர்ந்து நித்திலாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மௌனம். ஒரு ஆள் மூக்கால் மூச்சுவிட்டபடி, எழுந்திருப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் மௌனம். பிறகு மிகச் சின்னதாக, தேய்ந்துபோன பொம்மையின் சத்தம் போல ஒரு சிரிப்பு கேட்டது.

“அப்படித்தான், தங்கம்” என்றார் தேவராஜ்.

திரும்பப் போனை வாங்கிய ஓவியாவிடம் அவள் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அலுவலக ரகசியத்தையும் உடைத்துச் சொன்னாள். ஓவியா பொறுமையாகக் கேட்டாள். “அக்கா, உனக்குப் பொறாமை. நீ மட்டும் அவரை வெறுத்துட்டே இருக்கணும், கூட நானும் இருக்கணும். வர்றதா இருந்தா வா. ஆனா இந்தப் பேச்சைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா என் வாசப்படி மிதிக்காத” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மொரிகாவா அப்போது கீழ்த்தளத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்த நீள மேசையில், மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையாக. நித்திலா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பரோட்டாவைச் சொன்னாள். கிள்ளியதைச் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை, முதல் முறையாக வாய்விட்டு ஒருவரிடம் சொன்னாள். ஜப்பானிய மொழியில் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

மொரிகாவா பர்கரைத் தாளில் மெதுவாக வைத்தார்.

“அது பயம் என்று எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்போதிலிருந்து?”

“அந்தக் கோடு எழும்பின நிமிஷத்திலிருந்து. பாசம் அப்படி எழும்பாது. பயம்தான் எழும்பும். ஆனால் ஆரம்பத்தில் இரண்டும் ஒரே அலைதான். திசையைத் திருப்பினால் போதும், பயம் இருந்த அளவுக்குப் பாசம் கிடைக்கும். உன்னுடையதைத் திருப்பினோம். அவ்வளவு வலுவான சரக்கு எங்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை.”

“என்னிடம் ஏன் கேட்கவில்லை?”

“நீ சொல்லவில்லையே” என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அவருக்கு அதுதான் பதில். “சொல்லாததைக் கேட்பது அழகா?”

“மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓவியாவுக்கு மட்டும் ஏன் இப்படி?”

“மற்றவர்களுக்கு அந்தக் கை கொஞ்சம் மாற வேண்டும், அவரவர் அப்பாவின் கையாக. உன் தங்கைக்கு எதுவும் மாற வேண்டியதில்லை. உன் அப்பாவுக்கும்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை அது.”

“எடுத்துவிட முடியுமா?”

“உள்ளே போனதை எடுக்க முடியாது. மேலே இன்னொன்றைப் போடலாம். உன்னிடம் எடுத்த மூலப் பதிவு இன்னும் இருக்கிறது, பாசமாகத் திருப்பாதது.” அவர் நிறுத்தினார். “அதற்கு முன், நீ ஊருக்குப் போய்ப் பாரேன்.”

“டிக்கெட் போட்டுவிட்டேன். போய் யாரிடம் என்ன சொல்வேன்? தாத்தா பேத்திக்குச் சோறு ஊட்டுகிறார் என்று போலீஸில் புகார் கொடுக்கட்டுமா? குழந்தை உடம்பில் ஒரு காயம்கூட இன்னும் இல்லை. காயம் வரும்வரை நான் காத்திருக்க வேண்டுமா?”

மேசையின் கோடியில் இருந்த சின்னத் திரையில் பனி விழ ஆரம்பித்தது. ஜப்பானிய விளம்பரம். ஒரு பெண் குழந்தையின் கழுத்துத் துணியைச் சரி செய்தாள். மொரிகாவாவின் கண் தானாக அங்கே போனது. அவர் காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதை நித்திலா அப்போதுதான் கவனித்தாள். தடுப்பான் காகிதக் கைக்குட்டையின் மேல், காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது.

“ஆதரவில்லாத பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவன் நான்” என்றார் அவர், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். “அம்மாவின் போட்டோகூடக் கிடையாது. இந்த விளம்பரத்தை உண்டாக்கியவன் நானேதான், ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கழுத்துத் துணி சிவப்பு என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாராவது வந்து, மொரிகாவா, இது பொய், உண்மையைப் போடுகிறோம் என்றால், கதவைச் சாத்திக்கொள்வேன். உன் தங்கையும் அப்படித்தான். திருப்பாததைப் போட்டால் அவள் இரவில் எழுந்து அலறுவாள். சாப்பாட்டைத் தொடவே மாட்டாள். இப்போதுதான் முதல் முறையாகச் சிரிக்கிறாள் என்றாயே. அந்தப் பெண்ணுக்கு இதைச் செய்யச் சொல்லி என்னைக் கேட்கப் போகிறாயா?”

“இல்லை” என்றாள் நித்திலா. “அவளிடம் இருப்பது அவளிடமே இருக்கட்டும்.”

“பிறகு?”

“அப்பாவுக்கு.”

மொரிகாவா அவள் பக்கம் திரும்பினார்.

“அவருடைய போனுக்கு மட்டும். தினமும் அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார் அல்லவா? அதற்குப் பதிலாக, பார்வைக்கு அதே மாதிரி, திருப்பாதது.”

“அந்தப் பயம் பிள்ளையுடையது. அதில் அவர் ஊட்டுகிறவராக இருக்க மாட்டார். எதிரே உட்கார்ந்த பிள்ளையாக இருப்பார்.”

“ஆமாம்.”

“அந்தக் கை யாருடையது என்பதை அவர் மூளைதான் முடிவு செய்யும். தன்னுடைய கை என்று அவருக்குத் தோன்றாமலே போகலாம். தன் அப்பாவைப் பார்ப்பார். யாரோ தனக்கு அநியாயம் செய்ததாக அழுவார்.”

“அவருக்குப் புரிய வேண்டாம். அந்தக் குழந்தை எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதற்கு எப்படி இருக்கும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்தால் போதும்.”

“பயந்தவர்கள் எல்லாம் சாதுவாகிவிடுவதில்லை, நித்திலா-சான்.” அவர் குரல் தாழ்ந்தது. “சிலர் அதனால்தான் கை ஓங்குகிறார்கள். உன் அப்பாவும் ஒரு காலத்தில் யாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று உனக்குத் தெரியுமா?”

அவளுக்குத் தெரியாது. அப்பாவின் அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. சுவரில் ஒரு படம்கூட இருந்ததில்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்டதும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, பட்டறைக்குப் போகாத வயதில் ஒரு தேவராஜ் இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பைத் தூக்கித் தூரப் போட முயன்றாள். அது போகவில்லை.

வெளியே ரயில் கடந்தது, ஜன்னல் நடுங்கியது. சென்னையில் இப்போது ஓவியா மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தாத்தா சொல்றபடி கேக்கணும் என்று சொல்லியிருப்பாள். கதவு சாத்தியிருக்கும்.

நித்திலா முக்காலியிலிருந்து இறங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, இந்த ஊர்க்காரர்கள் தலைபோகிற காரியத்துக்கு வணங்குவது போல, இடுப்பு வரை குனிந்து, அப்படியே நின்றாள். தரையின் வெள்ளைக் கற்களைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

“அவர் ஒருவருக்கு மட்டும். செய்து கொடுங்கள், மொரிகாவா-சான்.”